உரிமம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வத்தலக்குண்டில் ஜீப் ஏறினோம்.
ஆண்கள் நால்வர், பெண்கள் மூவர்,
இரட்டைக்குழல் இரண்டு,
ஒரு சாக்கு வெங்காயம்.
கடை மசாலா ஆகாது என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததால்
அம்மியும் வந்தது,
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
என் கால்விரலைத் தேடி நகர்ந்தபடி.

மன்னவனூரில் ஒரு பூண்டு வியாபாரியின் தகர வீடு.
கம்பளியிலும் பூண்டு நெடி.
படுத்த பிறகு இருட்டில்
பெரிய மைத்துனர் அருளப்பன்
நாளை விழப்போகும் கடமானைப்
பங்கு பிரித்தார்:
தொடை ஒன்று தாசில்தாருக்கு,
ஈரல் அப்பாவுக்கு,
கொம்பு லாரி ஆபீசுக்கு.
அது எந்தச் சோலையிலோ அந்நேரம்
அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கும்.

சனி முழுக்க ஒன்றுமில்லை.
சேற்றில் குளம்படிகள், அவற்றில் ஊறிய தண்ணீர்.
கெண்டைக்காலில் அட்டை.
மத்தியானம் சலித்துப்போய் இவர்
எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.
"கட்டையில கன்னத்த வை. தோள்ல நல்லா அழுத்து."
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
ராத்திரி பிராந்தி,
பெர்மிட் யார் பேரில் எடுப்பது என்ற பழைய சண்டை.
அரைத்த மசாலா ஈரத்துணி மூடிக் கிடந்தது.

ஞாயிறு விடியலில் பிளாஸ்க் தூக்க ஆள் வேண்டுமென்று
என்னை எழுப்பினார்.
புல்வெளி முடிந்து சோலை தொடங்கும் இடம்.
மூடுபனி இடுப்பளவு.
"இதைக் கொஞ்சம் பிடி" என்று துப்பாக்கியைத் தந்துவிட்டு
சவுக்கு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

நாய் குரைத்தது.
நாங்கள் நாய் கொண்டுவரவில்லை.

கேளையாடு.
வெள்ளாட்டு உயரம்தான் இருக்கும்.
பனியிலிருந்து முன்பாதி மட்டும் வெளியே வந்து
என்னைப் பார்த்து இன்னொரு முறை குரைத்தது,
யார் வீட்டு வாசலிலோ நான் கேட்காமல் நுழைந்ததுபோல.
கன்னம் கட்டையில் இருந்தது.
எப்போது வைத்தேன், தெரியாது.
பயமா என்றால் இல்லை.
கோபமா என்றால் அதுவும் இல்லை.
விரல் மடங்கியது, ஒரு ஊக்கைப் பூட்டுகிற மாதிரி.

பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார்.
புல்லில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
படுத்தவாறே, கால்கள் மட்டும்.
பிறகு அதுவும் இல்லை.

மற்றவர்கள் மேடேறி வருகிற சத்தம்.
இவர் பொய் எதுவும் சொல்லவில்லை.
என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்,
அவ்வளவுதான்.
"சபாஷ்டா பாக்கியம்" என்று அருளப்பன் கட்டிக்கொண்டார்.
இவர் அவர் தோளுக்கு மேலாக
என்னை ஒருமுறை பார்த்தார்.
நான் பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் காபி ஊற்றினேன்.

படம் இருக்கிறது.
இவர் முட்டிபோட்டு அதன் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
ஓரத்தில் ஒரு கையும் பிளாஸ்க் மூடியும்.

ஈரல் இவர் தட்டுக்குப் போனது.
என் சோற்றில் ஒரு ஈயக்குண்டு, பல்லில் கடிபட்டது.
துப்பவில்லை.
கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே
கேட்டவர்களுக்கெல்லாம் பரிமாறினேன்.

தோளில் கன்றிய இடம்
ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாகி
ஒன்பது நாள் இருந்தது.
குளிக்கும்போது தாழ்போட்டுவிட்டுத்
தொட்டுப் பார்ப்பேன்.
பெருமைக்கு இல்லை.
அந்த உயிரைக் கேட்டு யாராவது வந்தால்
காட்ட என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.
ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில்
இவர் எதையாவது சொன்னாரா,
என் பாவத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாரா,
கேட்டதே இல்லை.

இவர் போன வருஷம்
துப்பாக்கியை ஒப்படைக்க ஆட்டோவில் போனேன்,
பழைய சேலையில் சுற்றி, குழந்தையைப்போல மடியில் கிடத்தி.
படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த பையன் கேட்டான்,
"கடைசியா எப்ப சுட்டது?"

"அறுபத்தொன்பது, நவம்பர்.
ஞாயித்துக்கிழமை காலையில.
ஒரு கேளையாடு. நான்தான்."

பேனா நின்றது.
"லைசென்ஸ் யார் பேர்லம்மா?"

சொன்னேன்.

"அப்ப அவரு சுட்டதுதான்" என்று
எழுதிக்கொண்டான்.